ஓரம் பன்னிரண்டு மில்லிமீட்டர்

புந்தா அரேனாஸ், படகுத்துறை அலுவலகம்.
குளிர்காலத்தில் பத்து மணிக்குத்தான் விடியும்.
நாங்கள் நான்கு பேர். ஒரு தரவுத்தளம்,
இரண்டு பிரிண்டர், ஒரு ஹீட்டர்.
ஹீட்டருக்காகச் சண்டை வந்ததே இல்லை.

பயணிகள் பட்டியல் என்ற அறிக்கைக்குத்தான்
ஆளுக்கொரு அளவு.
சீட்டு ஜன்னலில் நெல்தா பார்ரியா
ஓரத்தை ஐந்து மில்லிமீட்டருக்கு ஒடுக்குவாள்.
சரக்குப் பிரிவு ரோசமெல்
நெட்டைத் தாளை எடுத்துப் படுக்கப் போடுவார்,
லாரி எண்ணும் ஆட்டு எண்ணிக்கையும்
ஒரே வரியில் நிற்க வேண்டுமாம் அவருக்கு.
கணக்கில் மிர்த்தா. அவள் பிரிண்டர்
விளிம்பருகே மை தொடாது.
அவள் கையில் ஓரம் இருபத்தைந்து.

மூடும்போது கணினி கேட்கும்:
மாற்றங்களைச் சேமிக்கவா?
வேண்டாம் என்று யார் சொல்வார்கள்,
சேமிப்பு என்ற சொல்லுக்கு
அப்படி ஒரு மரியாதை.

நேற்றுக் கடைசியாக மூடியவர் யாரோ
அவர் விருப்பம்
இன்று காலை எல்லாருக்கும் சட்டம்.

ஆகஸ்டில் ஒரு வியாழன்.
நீரிணை முழுக்க வெள்ளை நுரை.
போர்வெனீருக்கு முப்பத்திரண்டு பேர் ஏறினார்கள்.
தாளில் முப்பத்தொன்று.
மிச்ச ஒரு வரி இரண்டாம் பக்கத்தில் விழுந்து
பிரிண்டர் தட்டிலேயே தங்கிவிட்டது, சூடாக.

ஸூனிகா, உலிசெஸ்.
ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போகிறவர்.
இசட்டில் தொடங்கும் பெயருக்கு
எங்கே போனாலும் கடைசி வரிதான்.

அக்கரையில் கடற்படைக் காவலர்
மூன்று முறை தலை எண்ணினார்.
பட்டியலில் இல்லாதவர் படகில் இல்லை என்றார்.
சாய்தளத்தில் நின்றபடி ஸூனிகா கேட்டாராம்:
இல்லாத ஆளுக்கு இப்படிக் குளிருமா?
நாற்பது நிமிடம்.
கத்தரிப் பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

ஓரம், வஞ்சனை
இரண்டையும் சேர்த்தெழுதுவதே வழக்கம்.
அன்று எனக்குக் காரணம் புரிந்தது.

மதியம் தள்ளுபடி கேட்டு ஒரு கடிதம் வந்தது.
நான் புதிதாக ஒரு அட்டவணை போட்டேன்:
எந்த அறிக்கை, எந்தத் தாள், நிமிர்ந்தா படுத்தா,
நான்கு பக்கத்து ஓரம், எந்த பிரிண்டர்.
ஒவ்வொருவர் மேசைக்கும் தனி நகல்,
விவரங்கள் மட்டும் பொதுவில்.
அறிக்கை கண் திறக்கும்போதெல்லாம்
முதலில் அட்டவணையைப் படிக்கும்,
நேற்று யார் கை பட்டது என்பதை மறந்துவிடும்.
ரோசமெலுக்கு வேறு பெயரில் வேறு அறிக்கை,
படுத்தே கிடக்கட்டும்.
மிர்த்தாவின் பிரிண்டருக்குப் பயணிகள் இல்லை, ரசீது மட்டும்.

நெல்தா மட்டும் என்னோடு பேசவில்லை.
மூன்று நாள்.
நான்காம் நாள் கண்ணாடியைக் கழற்றி
மேசையில் வைத்தாள்.
ஓரத்தைக் குறைத்ததே
எழுத்தைப் பெரிதாக்கத்தான் என்றாள்.
ஜன்னல் விளக்கில் பதினொன்றாம் அளவு எழுத்து
அவளுக்கு எறும்பு வரிசை.
இதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.
அட்டவணையில் அதற்கு ஒரு பத்தியும் இல்லை.

சேர்த்தேன். எழுத்து: பதினான்கு.
பட்டியல் இனி எப்போதும் இரண்டு பக்கம்.
இரண்டின் தலையிலும் மொத்தம் எத்தனை பேர் என்று,
அடியில் எத்தனையில் எத்தனையாவது தாள் என்று.
காகிதச் செலவு பற்றி மிர்த்தா
ஒரு பெருமூச்சு விட்டாள், அதோடு சரி.

நவம்பரில் ஸூனிகா திரும்பவும் வந்தார்.
அன்று கூட்டம் குறைவு.
முதல் பக்கம் இருபத்தி நான்கு பெயரோடு நிறைந்துவிட,
இரண்டாம் பக்கத்தில்
அவர் ஒருவர்தான்.
முழுத் தாளுக்கும் ஒரே ஒரு வரி,
சுற்றிலும் வெள்ளை.

நெல்தா ஜன்னலில் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
குனிந்து பார்த்தார்.
கை அழுக்கு படாமல்
இரண்டு தாளையும் அவரே சேர்த்துப் பிடித்துக்கொள்ள
அவள் பின் அடித்தாள்.